பூனையைப் பார்த்துப் பூனை ஏன் சீறுகிறது?

உங்கள் வீட்டில் மணி என்று ஒரு பூனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வயது. பால் பாக்கெட் வரும் நேரம், அம்மா மீன் கழுவும் நேரம், நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் எல்லாம் அதற்கு அத்துப்படி. ஒரு நாள் சாயங்காலம் உங்கள் அக்கா ஒரு கூடையோடு வருகிறாள். கூடைக்குள் இன்னொரு பூனை. வண்டியில் அடிபட்டுக் கால் உடைந்தது. வைத்தியம் பார்த்தாயிற்று. குணமாகி, யாராவது நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் வரை அது தங்க ஓர் இடம் வேண்டும். "நான் பார்த்துக்கிறேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். நல்ல மனசு.

கூடத்தின் நடுவில் கூடையைத் திறந்து வைத்து, "மணி, இங்க வா, உனக்கு ஒரு ஃப்ரெண்டு வந்திருக்கான் பாரு!" என்கிறாள். மணி வருகிறது. இரண்டடி தள்ளி நிற்கிறது. காதுகள் பக்கவாட்டில் மடிகின்றன, முதுகு வளைகிறது, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அடுத்த நொடி பீரோவின் உச்சியில் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை.

"பொறாமைடி அதுக்கு" என்கிறார் பாட்டி. "நாலு நாள் போனா ரெண்டும் கட்டிப் புரளும் பாரு."

பாட்டியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் மணிக்கு வந்தது பொறாமை இல்லை, பயம். நாலு நாளில் சரியாகிவிடும் என்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குக் காப்பகத்திலிருந்து இன்னொரு பூனையை எடுத்துச் சென்றவர்களிடம் விசாரித்து, 2005-ல் அதை எழுதினார்கள். ஏறக்குறைய பாதி வீடுகளில் முதல் சந்திப்பிலேயே சண்டை. முதல் சந்திப்பு பிராண்டலும் கடியுமாகப் போன வீடுகளில் பிற்பாடும் சண்டை நீடிப்பது அதிகமாக இருந்தது. அதனால், அக்கா கூடையைத் திறந்த அந்த ஒரு நிமிஷம் சின்ன விஷயம் இல்லை.

மணி ஏன் இப்படி என்று புரிய, அதன் பாட்டனுக்குப் பாட்டனைத் தேடிப் போக வேண்டும். உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாமே மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வாரிசுகள். 2007-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். அந்தக் காட்டுப்பூனை தனியாக வாழும், தனியாக வேட்டையாடும். அது பிடிப்பது எலி, பல்லி, சின்னப் பறவை. ஓர் எலியை எத்தனை பேர் பங்கு போட முடியும்? கூட்டு வேட்டைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் ஒரு சண்டையில் கால் முறிந்தால் போதும், அன்றிலிருந்து பட்டினி. அதனால் சண்டை போடாமலே விலகிக்கொள்வதில் பூனை கைதேர்ந்தது.

நாய் கூட்டமாக வாழ்ந்த ஓநாயின் வழியில் வந்தது. இரண்டு நாய்கள் முட்டிக்கொண்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒன்று குனிந்து, வாலாட்டி, முகத்தை நக்கிச் சமாதானமாகிவிடும். பூனையிடம் அப்படிச் சமாதானம் பேசும் சைகைகள் மிகக் குறைவு. 'உன் கண்ணில் நான் படாமல் இருந்துவிடுகிறேன்' என்பதுதான் அதற்குத் தெரிந்த சமாதானம். பரந்த வெளியில் இது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எங்கே போய் விலகுவது? பீரோவின் உச்சிதான் கதி.

'காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பூனைகள் கூட்டமாகத்தானே திரிகின்றன?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. சாப்பாடு ஒரே இடத்தில் தாராளமாகக் கிடைத்தால் பூனைகள் கூட்டமாக வாழும். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவை பெரும்பாலும் அம்மா, மகள், சித்தி என்று சொந்தக்காரப் பெட்டைப் பூனைகள். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து சாப்பாட்டில் வாய் வைத்தால் கூட்டம் விரட்டிவிடும். பூனைக்குச் சிநேகம் தெரியும். ஆனால் வருகிறவர் எல்லாரும் சிநேகிதர் என்று அது எடுத்துக்கொள்வதில்லை.

சரி, சொந்தமா அந்நியமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? முகத்தைப் பார்த்தா? இல்லை, மூக்கால்.

பூனை இருக்கும் வீட்டில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கதவு நிலையின் ஓரத்தில், தரையிலிருந்து சுமார் ஒரு சாண் உயரத்தில் உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சுவராக இருந்தால் மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு கறை தெரியும். விரலால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். மணி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போன இடம் அது. பூனையின் கன்னம், தாடை, நெற்றி, வாலின் அடி, பாதம் ஆகிய இடங்களில் வாசனை சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா, பூனைக் கன்னத்தின் சுரப்பை ஆராய்ந்து அதில் 5 வகை வாசனைக் கலவைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்றைப் பூனை, தான் பழகிய பொருட்களின் மேல் பூசுகிறது. இன்னொன்றைத் தனக்கு வேண்டியவர்கள் மேல் பூசுகிறது. உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து உரசும்போது உங்கள் மேலும் ஒரு பூச்சு விழுகிறது. பசிக்குக் கெஞ்சுவதற்காக மட்டும் அது உரசுவதில்லை.

நகத்தால் பிராண்டிய இடமும், சிறுநீர் பீய்ச்சிய இடமும் வேறு வகைச் செய்தி. பேருந்தின் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, ஆள் இன்னும் ஏறியிருக்க மாட்டார், ஆனால் அந்தத் துண்டைப் பார்த்தவர் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் பூனையின் துண்டில் கூடுதலாக ஒரு விவரமும் இருக்கும்: போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது. ஜெர்மனியைச் சேர்ந்த விலங்கு நடத்தை அறிஞர் பால் லைஹவுசென், ஒரே பாதையைப் பல பூனைகள் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துவதை எழுதி வைத்திருக்கிறார். நேருக்கு நேர் முட்டாமல் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று பகிர்ந்துகொள்ளும்.

வாசனையைப் படிக்க மூக்கு மட்டும் பூனைக்குப் போதாது. மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், வாயின் கூரையில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவை ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி வாசனை அறைக்குப் போகின்றன. ஒரு துணியை முகர்ந்ததும் பூனை வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைத் தூக்கி, எதையோ மறந்துவிட்டதுபோல் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சிலர் சிரிக்கிறது என்பார்கள். அது காற்றை அந்தத் துளைகளுக்குள் இழுத்துப் படித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கூடை திறந்த நிமிஷத்துக்கு வாருங்கள். வீடு முழுக்க மணியின் பூச்சு. அதன் நடுவே தெரு வாசனை, மருத்துவமனை வாசனை, மருந்து வாசனை, முன்பின் தெரியாத ஒரு பூனையின் பயந்த வாசனை. மணிக்கு அது தம்பியும் இல்லை, ஃப்ரெண்டும் இல்லை. வாசனை எவ்வளவு பெரிய விஷயம் என்றால், கூடவே வளர்ந்த சொந்தத் தங்கையை மருத்துவரிடம் கூட்டிப் போய்த் திரும்பி வந்தால், அதைப் பார்த்தே சீறும் பூனைகள் உண்டு. உருவம் அதேதான், வாசனை மாறிவிட்டது. அதனால் ஆளும் மாறிவிட்டாள்!

சீறும்போது மணியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளை ஆபத்து என்று முடிவு செய்ததும், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சேதி போகிறது. முதலில் அட்ரினலின்: இதயம் படபடக்கும், கண்மணி விரியும், ரோமம் சிலிர்க்கும். கொஞ்ச நேரம் கழித்து கார்ட்டிசால்: ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய சர்க்கரையை ரத்தத்தில் கூட்டும். பரீட்சைக்கு முன்னால் உங்களுக்கு நடப்பதும் இதேதான். பரீட்சை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த அறையில் இருக்கும் அந்நியப் பூனை முடிவதில்லை. கதவைச் சாத்தினாலும் அதன் சத்தம் மணிக்குக் கேட்கும். நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும், பூனைக்கு 85,000 வரை கேட்கும்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்தார்கள். அவற்றில் 20 பூனைகளுக்கு, காரணம் தெரியாமல் சிறுநீர்ப்பை வீங்கி வலிக்கும் நோய் இருந்தது. மீதி 12 ஆரோக்கியமானவை. வேளை தவறாத சாப்பாடு, பழகிய ஆள், அமைதியான இடம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தபோது நோயுள்ள பூனைகளும் தேறின. பார்த்துக்கொள்ளும் ஆள் மாறுவது, நேரம் தவறுவது போன்றவை நடந்த வாரங்களில் ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, மணல் தட்டுக்கு வெளியே அசிங்கம் செய்தன. ஆள் மாறினதுக்கே இப்படி என்றால், புதுப் பூனை வந்தால் கேட்கவா வேண்டும்! ஆகவே மணி உங்கள் தலையணையில் சிறுநீர் கழித்தால் அது பழிவாங்கல் இல்லை. அடித்தால் பயம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான் பலன்.

அப்படியானால் ஒரு வீட்டில் ஒரு பூனைதான் இருக்க வேண்டுமா? பிரேசிலில் இதைக் கண்டுபிடிக்க 120 பூனைகளின் மலத்தைச் சேகரித்தார்கள். கார்ட்டிசாலின் மிச்சம் மலத்தில் வெளியேறும், அதை அளந்தால் பூனை எவ்வளவு பதற்றத்தில் இருந்தது என்று தெரியும். (விஞ்ஞானி ஆக ஆசைப்படுகிறவர்கள் இதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.) 2013-ல் வந்த முடிவு: ஒற்றைப் பூனை வீட்டுக்கும் நாலு பூனை வீட்டுக்கும் பொதுவாக வித்தியாசம் இல்லை. இடமும் சாப்பாடும் எப்படிப் பங்கிடப்படுகின்றன, யாரோடு யார் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் பூனையின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது. எண்ணிக்கை பெரிய பொருட்டில்லை.

இதில் பெரியவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சத்தம் இல்லை என்றால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பூனையின் கவலை பெரும்பாலும் ஊமைக் கவலை. புதுப் பூனை வாசற்படியில் ஹாயாகப் படுத்திருக்கும். மணி அந்தப் பக்கம் போகாது. அந்த வாசற்படிக்கு அப்பால்தான் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்று அசையாமல் முறைக்கும், மற்றது பார்வையைத் திருப்பிக்கொண்டு மெல்ல நகரும். சண்டை முடிந்தது, ஒருவர் தோற்றுவிட்டார், வீட்டில் யாருக்கும் தெரியாது. நாள் முழுக்கத் தூங்குவதுபோல் கிடப்பது, பாதங்கள் நான்கையும் தரையில் ஊன்றியபடியே குறுகி உட்கார்வது, வயிற்று ரோமத்தை நக்கி நக்கி மொட்டையாக்குவது, வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருப்பது எல்லாம் கவலையின் அடையாளங்கள். சிறுவர்களுக்குத்தான் இவை சீக்கிரம் கண்ணில் படும். நீங்கள் தரையில் உட்காருகிறவர்கள்.

உருண்டு புரண்டால் சண்டை என்றும் இல்லை. ஸ்லோவாக்கியா ஆய்வாளர்கள் 105 பூனைகளின் வீடியோக்களைப் பார்த்து 2023-ல் எழுதினார்கள்: சத்தமில்லாமல் கட்டிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டு, துரத்தலும் உறுமலும் கூச்சலுமாக இருந்தால் அது வம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகமும் உண்டு. விளையாட்டாகத் தொடங்கி வினையாக முடியக்கூடியது. உங்கள் வகுப்பிலும் அந்த ரகம் இருக்கும்.

இனி அக்காவுக்கு என்ன சொல்வது?

முதலில், கூடையைக் கூடத்தில் திறக்கவே கூடாது. புதுப் பூனைக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, தனித் தட்டு, தனித் தண்ணீர், தனி மணல் தட்டு. தெருவிலிருந்து வந்ததற்குத் தொற்றுநோய் இருக்கலாம். பேன்லூக்கோபீனியா என்ற பூனை வைரஸ், தரையிலும் துணியிலும் ஒரு வருஷம்கூட உயிர்ப்போடு கிடக்கும். குறைந்தது இரண்டு வாரம் தனியறை. மணிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புதுப் பூனையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மணியிடம் போக வேண்டும்.

அந்தப் பூனை மூன்று, நான்கு வாரம் மட்டுமே தங்கப் போகிறது என்றால், இரண்டையும் சந்திக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை! விருந்தாளியாக வந்து, தனியறையில் தங்கி, புது வீட்டுக்குப் போகட்டும். 'ஒரு வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?' என்பது மனிதர்களின் கவலை. மணிக்கு அந்தக் கவலை கிடையாது.

நீண்ட நாள் தங்கும் என்றால் மூக்கு வழியாக அறிமுகம் செய்யுங்கள். புதுப் பூனை படுத்த ஒரு பழைய துண்டை எடுத்து வந்து, மணியின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மணி முகர்ந்து பார்க்கும், சீறினாலும் சீறும். கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். மணியின் துணியை அந்த அறைக்கு அனுப்புங்கள். சில நாளில் துண்டைக் கண்டுகொள்ளாமல் மணி சாப்பிடத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. பிறகு கொசுவலைக் கதவு வழியாகப் பார்வை. கடைசியில்தான் ஒரே அறையில் ஐந்து நிமிஷம், அதுவும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். சில பூனைகளுக்கு இதெல்லாம் ஒரு மாதத்தில் முடியும், சிலவற்றுக்கு நாலைந்து மாதம் ஆகும்.

இரண்டுக்கும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை மூன்றாம், நான்காம் நாளிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக நிதானத்தில் இருந்தன. மளிகைச் சாமான் வரும் அட்டைப்பெட்டியே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். உள்ளே இருப்பதை வெளியே இழுத்துக் கொஞ்சக் கூடாது. மணல் தட்டுகள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில் இருக்கட்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம். 'புதுப் பூனை வந்திருக்கு, நாறுது' என்று வீடு முழுக்கப் பீனாயில் ஊற்றித் துடைப்பார்கள். மணி பூசி வைத்திருந்த பழகிய வாசனையெல்லாம் அதோடு போச்சு. அது மட்டுமா? பீனாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் விஷம். சோப்புத் தண்ணீர் போதும். கதவு நிலையின் கறையைக் கொஞ்ச நாள் விட்டு வைக்கும்படி அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று பழமொழி சொல்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வேறொன்றைக் கண்டார்கள். மனிதர் பூனையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால், பூனையும் பதிலுக்கு அப்படியே செய்வது அதிகமாகிறது. முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தாலும், அவர் நீட்டிய கையை நோக்கி வருவதும் கூடுகிறது. 2020-ல் வெளியான ஆய்வு இது. மணியிடம் இன்றைக்கே செய்து பார்க்கலாம். முறைத்துப் பார்ப்பதுதான் கூடாது.

இரண்டு கண்டிப்பான விஷயங்கள். பூனைச் சண்டைக்கு நடுவில் கையை விடாதீர்கள். ஒரு தலையணையோ அட்டையோ இடையில் நுழைத்தால் போதும். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை. அடுத்தது, கடுவன் பூனை மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடைத்துக்கொண்ட சிறுநீர் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மணி வயதான பூனையாகவோ, சிறுநீர்ப்பை நோய் உள்ளதாகவோ இருந்தால், கதவு சாத்த ஓர் அறைகூட வீட்டில் இல்லை என்றால், "இப்போ எங்க வீட்டுல முடியாது" என்று அக்கா சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடிபட்ட பூனைக்கு வேறு வீடு தேடிக் கொடுங்கள், பழைய துணியும் அட்டைப்பெட்டியும் கொடுங்கள், மருந்துச் செலவுக்கு உண்டியலில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்.